புறக்கோலமும் அருள் அடையாளமும்: இரட்சணிய யாத்திரிகத்தை முன்வைத்து

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய திறனாய்வுகளில் ஓர் உருவகம் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதைக் காணலாம். அயல்நாட்டுச் சமயக் கருத்துக்குத் தமிழ் உடை உடுத்தப்பட்டுள்ளது என்பதே அது. தேம்பாவணியைப் பற்றியும் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றியும் இது பெரும்பாலும் பாராட்டாகவும், சிற்சில வேளைகளில் குறையாகவும் சொல்லப்படுகிறது. கருத்தே உடல், வடிவம் அதன்மேல் போர்த்தப்படும் ஆடை. உடலை மாற்றாமலே ஆடையை மாற்றிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் இவ்வுருவகத்தின் அடியில் உள்ளது.

ஆனால், ஆடை என்பது இவ்விலக்கியங்களின் உள்ளேயே ஆழ்ந்த பொருளுடன் வழங்கும் உருவகமாகும். ஒருவர் யார் என்பதை அவருடைய தோற்றமும் உடையும் நெற்றிக்குறியும் குலப்பெயரும் முடிவு செய்கின்றனவா, அன்றி அவர் பற்றிக்கொண்ட நம்பிக்கை முடிவு செய்கின்றதா என்னும் வினாவை இப்படைப்புகள் எழுப்புகின்றன. ஆடையைக் கொண்டே அதற்கு விடையும் தேடுகின்றன. அவ்விடையை அறிந்த பின்னரே ‘தமிழ் உடை’ என்னும் உருவகம் பொருந்துமா எனக் கூற இயலும். எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் (1827-1900) இரட்சணிய யாத்திரிகத்தை மையமாகவும், அதற்கு முன்னும் பின்னும் தோன்றிய சில படைப்புகளையும் வரலாற்று நிகழ்வுகளையும் துணையாகவும் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

தமிழ் மரபில் வேடமும் உண்மையும்

புறக்கோலத்தை ஐயுற்று நோக்கும் பார்வை தமிழுக்குக் கிறித்தவம் கொண்டுவந்த ஒன்றன்று. திருக்குறளின் 28-ஆம் அதிகாரமாகிய கூடாவொழுக்கம் முழுமையும் தவவேடத்தின் பொய்ம்மையையே பேசுகிறது. புலித்தோல் போர்த்து மேயும் பசு, மேனி சிவந்து மூக்கில் கறுத்த குன்றிமணி, நேராக இருந்தும் கொல்லும் அம்பு, வளைந்திருந்தும் இசை தரும் யாழ் என அவ்வதிகாரத்தின் உவமைகள் அனைத்தும் தோற்றத்துக்கும் இயல்புக்கும் இடையேயான முரணையே காட்டுகின்றன. மழித்தலும் சடை வளர்த்தலும் வேண்டாதவை என்னும் முடிவும் அங்கேயே கிடைக்கிறது. சிவவாக்கியர் முதலிய சித்தர்கள் புறச்சடங்குகளையும் குலவேறுபாட்டையும் மறுத்து உள்ளுணர்வை முன்னிறுத்தினர்.

இம்மரபிலிருந்து கிறித்தவ இலக்கியம் எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே வேறுபடுகிறது என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. வள்ளுவர் வேடத்துக்கு எதிரே ஒழுக்கத்தை நிறுத்துகிறார். சித்தர்கள் சடங்குக்கு எதிரே ஞானத்தை நிறுத்துகின்றனர். இவ்விரண்டும் மனிதன் தன் முயற்சியால் எய்துபவை. கிறித்தவ நூல்கள் புறக்கோலத்துக்கு எதிரே நிறுத்துவது மனிதன் ஈட்டாத ஒன்றை. தகுதி பாராது வழங்கப்படும் அருளால் இறைவனோடு அமையும் உறவை. எனவே இங்கு அடையாளம் என்பது எய்தப்படுவதாக அன்றி, பெறப்படுவதாக அமைகிறது. இவ்வேறுபாட்டைக் கவனியாமல் விட்டால் இரட்சணிய யாத்திரிகம் நீதிநூல் கருத்துகளைக் கதையாக விரித்ததோர் அறநூலாக மட்டுமே தோன்றும்.

விவிலியத்தில் ஆடை

இக்கருத்தின் வேர் விவிலியத்தில் உள்ளது. சாமுவேல் முதல் நூலின் 16-ஆம் அதிகாரத்தில், அரசனைத் தேர்ந்தெடுக்கச் செல்லும் சாமுவேல் ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு அவனே உரியவன் என எண்ணுகிறார். மனிதர் முகத்தைப் பார்ப்பர், இறைவன் உள்ளத்தைப் பார்ப்பான் என அவருக்கு உணர்த்தப்படுகிறது. ஆடு மேய்க்கச் சென்ற கடைசி மகன் தாவீது தேர்ந்தெடுக்கப்படுகிறான். அதே அதிகாரம் தாவீதை அழகிய கண்களும் சிவந்த மேனியும் உடையவனாக வருணிக்கவும் செய்கிறது. அழகு இகழப்படவில்லை, தேர்வுக்குரிய அளவுகோலாக அது அமையக்கூடாது என்பதே அப்பகுதி உணர்த்தும் பொருள்.

புதிய ஏற்பாட்டில் இக்கருத்து ஆடை உருவகமாகவே வளர்கிறது. திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறித்துவையே ஆடையாக அணிந்துகொண்டவர்கள் என்று கலாத்தியர்க்கு எழுதிய மடலின் 3-ஆம் அதிகாரத்தில் பவுல் கூறுகிறார். அதனை அடுத்தே யூதர், கிரேக்கர் என்றும், அடிமை, உரிமைக்குடி என்றும், ஆண், பெண் என்றும் உள்ள வேறுபாடுகள் அவ்வுறவில் செல்லாதவை என அறிவிக்கிறார். லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தந்தை மேலங்கியும் மோதிரமும் மிதியடியும் அளிக்கச் செய்கிறார். அவன் வேலையாளாக இருக்க எண்ணி வந்தவன். அவன் மகன் என்பதை ஊரார் அறியச் செய்வது அந்த மேலங்கி. புறக்கோலத்தை மறுக்கும் சமயநூல் தன் மையக் கருத்தைச் சொல்ல ஆடையையே நாடுகிறது என்பது முரண்போலத் தோன்றும். தானே உடுத்திக்கொள்ளும் ஆடைக்கும் பிறர் அன்பினால் உடுத்தப்படும் ஆடைக்கும் இடையேயான வேறுபாட்டை உணர்ந்தால் இம்முரண் நீங்குகிறது.

தொடக்ககால முயற்சிகள்

தமிழகத்தில் இவ்வினா முதலில் ஏட்டில் எழவில்லை, உடம்பில் எழுந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி (1577-1656), கிறித்தவம் ‘பரங்கி மார்க்கம்’ எனக் கருதப்பட்டதைக் கண்டார். கிறித்தவராவது என்றால் போர்த்துக்கீசியரைப்போல் உடுத்து, அவர்களைப்போல் உண்டு, பரங்கியாக மாறுவது என்றே மக்கள் புரிந்துகொண்டிருந்தனர். நோபிலி துறவிக்குரிய காவி உடை அணிந்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் குலத்தையும் நிலையையும் காட்டும் உலகியல் குறிகளே. அவற்றை நீக்காமலே ஒருவர் கிறித்தவராகலாம் என்பது அவர் வாதம். உடன் பணியாற்றியோர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு உரோமாபுரிவரை சென்று, 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது.

நோபிலியின் வாதத்தில் ஓர் உண்மையும் ஓர் இடறலும் உள்ளன. நம்பிக்கை எந்த நாட்டு உடைக்கும் உரிமையானதன்று என்பது உண்மை. குலத்தைக் காட்டும் குறி சமயத்தோடு தொடர்பற்றது எனக் கொண்டதால், குலவேறுபாடும் கேள்விக்கு உள்ளாகாமல் திருச்சபைக்குள் நுழைந்தது என்பது இடறல். பின்னாளில் உயர்குலத்தார்க்கென ஒரு வகையும் ஏனையோர்க்குப் பண்டாரசாமிகள் என மற்றொரு வகையும் ஆகக் குருமார் பிரிந்து பணியாற்ற நேர்ந்தமை இதன் விளைவாகும். இவ்விடறல் அடுத்து வந்த மூன்று நூற்றாண்டுகளிலும் தொடர்ந்தது.

வீரமாமுனிவர் (1680-1747) இவ்வினாவை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். 1726-இல் நிறைவுற்ற தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். தன்னேரில்லாத தலைவனைக் காப்பியம் வேண்டிநிற்கும் மரபில், நாசரேத்தூர்த் தச்சராகிய வளனை அவர் தலைவராக்கினார். வளன் தாவீதின் அரச மரபினர். ஆயினும் கையில் இருப்பது தச்சுக்கருவி. காப்பிய மரபு எதிர்பார்க்கும் பெருமை தலைவனின் புறநிலையில் இல்லாதபோது, அப்பெருமையை அவன் ஏற்றுக்கொண்ட பணியில் காட்டவேண்டிய தேவை புலவர்க்கு ஏற்படுகிறது. அவரே எழுதிய பரமார்த்த குருவின் கதை இதன் மறுபக்கம். குரு என்னும் கோலத்துக்குரிய மதிப்பெல்லாம் இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத ஒருவரையும், அக்கோலத்தை நம்பும் ஐந்து சீடரையும் நகைச்சுவையாகக் காட்டுகிறது அந்நூல்.

கிருட்டிணபிள்ளையும் அவர் பெயரும்

இப்பின்புலத்தில் வைத்தே கிருட்டிணபிள்ளையை நோக்குதல் வேண்டும். திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்திலும் வைணவப் பனுவல்களிலும் தோய்ந்து வளர்ந்தவர் அவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது கிறித்தவத்தை அறிந்து, 1858-இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அப்போது பெற்ற பெயர். அவர் தம் பழைய பெயரை விடவில்லை. புதிய பெயரின் முதலெழுத்துகள் முன்னே நிற்க, திருமாலின் பெயர் பின்னே நின்றது. புலால் உண்ணாத வழக்கத்தையும் அவர் கைவிடவில்லை.

‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றப்படும் ஒருவரின் பெயரே இரு சமயங்களைத் தாங்கி நிற்பதைச் சமரசம் என்றோ முழுமையுறாத மாற்றம் என்றோ எளிதில் கூறிவிடலாம். அவருடைய காப்பியம் இரு முடிவுகளுக்கும் இடந்தரவில்லை. மாற்றம் எங்கே நிகழ்கிறது என்பதில் அவர் தெளிவாகவே இருந்தார் என்பதை அந்நூலின் அமைப்புக் காட்டுகிறது.

யாத்திரிகனின் ஆடை

இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் தொடராக வெளிவந்து 1894-இல் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட உருவகக் கதையின் தழுவல் இது. அழிவின் நகரிலிருந்து புறப்படும் ஒருவன் முதுகில் பாவச்சுமையுடன் விண்ணக நகர் நோக்கிச் செல்லும் பயணமே கதை.

கதைத்தலைவன் கந்தல் உடுத்தவனாகவே அறிமுகமாகிறான். சிலுவையின் அடியில் அவன் சுமை தானாகக் கழன்று விழுகிறது. அப்போது ஒளிவடிவினர் மூவர் தோன்றுகின்றனர். ஒருவர் பாவமன்னிப்பை அறிவிக்கிறார். மற்றொருவர் கந்தலைக் களைந்து புத்தாடை உடுத்துகிறார். மூன்றாமவர் நெற்றியில் குறியிட்டு, முத்திரையிட்ட ஓலைச்சுருளை அளிக்கிறார். மன்னிப்பு முதலிலும் ஆடையும் குறியும் அதன் பின்னும் வரும் இவ்வரிசை முறை நோக்கத்தக்கது. ஆடை மாறியதால் அவன் வேறொருவன் ஆகவில்லை. வேறொருவன் ஆனதால் ஆடை மாற்றப்படுகிறது.

இதனை அடுத்து வரும் நிகழ்ச்சி இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. வாயில் வழியாக வாராமல் மதிலேறிக் குதித்த இருவர் யாத்திரிகனோடு சேர்ந்து நடக்கின்றனர். ஒருவன் வெறும் ஆசாரத்தின் உருவகம். மற்றவன் போலித்தனத்தின் உருவகம். நெறிமுறைகளைத் தாங்களும் பின்பற்றுவதாகவும், அவனுக்கும் தங்களுக்கும் உள்ள வேறுபாடு அவன் மேலுள்ள ஆடை மட்டுமே என்றும் அவர்கள் கூறுகின்றனர். தன் நாணத்தை மறைக்க அண்டை வீட்டார் யாரேனும் கொடுத்த ஆடையாக அது இருக்கக்கூடும் என எள்ளவும் செய்கின்றனர். அதை அளித்தவர் அந்நகரின் தலைவரே என்றும், தான் வாயிலை அடையும்போது அவர் தம் ஆடையைக் கொண்டு தன்னை அறிந்துகொள்வார் என்றும் யாத்திரிகன் விடையளிக்கிறான். ஆடையைப் பார்ப்போர்க்கு அது துணி. அணிந்தவனுக்கு அது அளித்தவரின் நினைவு. ஆசாரத்தான் பிழை ஆசாரங்களைக் கடைப்பிடிப்பதில் இல்லை; அவற்றைத் தந்தவரோடு உறவின்றிக் கடைப்பிடிப்பதில் உள்ளது.

தமிழ்ச் சூழலில், அதிலும் வைணவப் பின்புலமுடைய புலவர் ஒருவரின் கைகளில், நெற்றிக்குறியும் புதிய ஆடையும் மேலும் ஒரு பொருள் பெறுகின்றன. வைணவ மரபின் பஞ்ச சம்ஸ்காரத்தில் ஆசாரியன் தோளில் சங்கு சக்கரப் பொறி ஒற்றுகிறார், நெற்றியில் திருமண் காப்பு இடுகிறார், தாஸ்யப் பெயர் சூட்டுகிறார், மந்திரம் உபதேசிக்கிறார். அங்கும் குறி என்பது ஒருவர் தாமே சூடிக்கொள்ளும் அலங்காரமன்று; இறைவனுக்கு அடிமைப்பட்டமையைக் காட்டப் பிறர்வழிப் பெறுவது. ஆதலின் புறச்சமயத்தார்க்குக் குறி, கிறித்தவர்க்கு உள்ளம் என்று எதிர்நிலைப்படுத்துவது வைணவத்துக்கும் நீதியன்று, கிருட்டிணபிள்ளையின் கவிதைக்கும் நீதியன்று. குறி இறையுடைமையைச் சொல்வது என்னும் புரிதலை அவர் வெளியிலிருந்து கற்கவேண்டியிருக்கவில்லை. யாருக்கு உடைமை என்பதே மாறியது. பனியனின் சிக்கனமான உரைநடையில் ஒரு பத்தியில் முடியும் நிகழ்ச்சி, இத்தகைய புரிதல் உடைய தமிழ்ப் படிப்போரிடம் ஆழமாகப் பதிவதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஏளனத்தின் அங்கி

பனியனின் கதையைத் தழுவியதோடு நில்லாமல் கிறித்துவின் பாடுகளை விரித்துப் பாடியது கிருட்டிணபிள்ளையின் சிறப்பு. இப்பகுதியில் ஆடை உருவகம் அதன் உச்சத்தை அடைகிறது. காவலர் இயேசுவின் ஆடையைக் களைந்து, முருக்கமலரை ஒத்த சிவப்பு அங்கியை ஏளனமாக அணிவிக்கின்றனர். முள்முடி சூட்டுகின்றனர். கையில் கொடுத்த தடியைப் பறித்துத் தலையில் அடித்து, முகத்தில் உமிழ்ந்து, அரசே என மண்டியிட்டு நகைக்கின்றனர். இத்தனைக்கும் நிலம் பிளவாமலும் கடல் வற்றாமலும் இருந்தது, அவர் கொண்ட பொறுமையினால் என்று கவிஞர் வியக்கிறார்.

காவலர் அணிவித்தது பொய்க்கோலம். அவர்கள் நோக்கமும் இகழ்ச்சியே. ஆயினும் காப்பியத்தின் பார்வையில் அவர் உண்மையிலேயே அரசர். எனவே இகழ்வதற்காகச் சூட்டிய கோலம் அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அதே வேளையில், அங்கியால் அவர் அரசராகவுமில்லை; அது களையப்பட்டபோது அரசர் அல்லாமற்போகவுமில்லை. பிறர் உடுத்துவதாலும் உரிவதாலும் கூடாமலும் குறையாமலும் நிற்கும் ஓர் அடையாளம் இங்குக் காட்டப்படுகிறது. மௌனமே அதன் வெளிப்பாடு. கம்பனின் இராமன் முடிசூடும் நாளில் முடியிழந்து மரவுரி தரித்தபோதும் முகம் மாறாது நின்ற நிலையில் திளைத்த புலவர்க்கு, இக்காட்சியின் உட்பொருள் அயலானதாக இருந்திருக்க இயலாது.

யாத்திரிகன் பெற்ற ஆடையையும் இவ்வங்கியையும் இணைத்துப் பார்க்கும்போது காப்பியத்தின் உள்ளமைப்புத் தெளிவாகிறது. தலைவர் இகழ்ச்சியின் ஆடையை ஏற்றதனாலேயே யாத்திரிகன் மதிப்பின் ஆடையைப் பெறுகிறான். பின்னர் ஆரவாரச் சந்தையில் யாத்திரிகரின் உடையும் பேச்சும் வேறாக இருப்பதைக் கண்டு சந்தையோர் அவர்களை எள்ளி வருத்தும்போது, அவர்கள் தாங்கும் ஏளனம் தலைவர் தாங்கிய ஏளனத்தின் தொடர்ச்சியாகிறது. பெருமைக்குரிய ஆடை உலகின் கண்ணுக்கு நகைப்புக்குரியதாகவே தோன்றும் என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை.

ஆடை மறுக்கப்பட்டோர்

இவ்வளவில் நின்றுவிட்டால் வாதம் ஒருபக்கமாகிவிடும். புறத்தோற்றம் பொருட்டன்று என்பது, தோற்றத்தால் மதிக்கப்படுவோர்க்கு எளிதாகச் சொல்லத்தக்க கூற்று. தோற்றத்தாலேயே இழிவுபடுத்தப்பட்டோர் அதனை எவ்வாறு ஏற்பர் என்னும் வினா எஞ்சுகிறது. கிருட்டிணபிள்ளை திருமுழுக்குப் பெற்ற 1858-ஆம் ஆண்டிலேயே, அவர் பிறந்த மாவட்டத்துக்கு அடுத்திருந்த தென் திருவிதாங்கூரில் இவ்வினா தெருக்கலகமாக வெடித்திருந்தது.

அங்கு நாடார் முதலிய சமூகப் பெண்கள் மார்பை மறைத்தல் சாதி வழக்கத்தால் தடுக்கப்பட்டிருந்தது. கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணிவதற்கு மன்றோ திவானாக இருந்தபோது 1814-இல் இசைவு வழங்கப்பட்டது. அவர்கள் தோள்சீலையும் அணியத் தொடங்கியபோது தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1829-இல் வெளியான அரச ஆணை மேலாடையைத் தடைசெய்தது. மீண்டும் 1858-59-இல் கலகம் மூண்டது. 1859 சூலை 26-இல் வெளியான ஆணையே இசைவளித்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்னும் வரையறையுடன்.

இப்பெண்கள் ஆடைக்காகப் போராடியதால் புறக்கோலத்தை நாடினர் எனக் கூறுதல் பொருந்தாது. தாங்கள் யார் என்பதைப் பற்றிய புதிய அறிவு அவர்களுக்கு முதலில் வந்தது. இறைவன் முன் தாமும் மதிப்புக்குரிய மக்கள் என்னும் அவ்வறிவு உடலில் வெளிப்பட வேண்டியிருந்தது. யாத்திரிகன் கதையில் கண்ட வரிசை முறையே இங்கும் அமைகிறது. அடையாளம் முன்னும் ஆடை பின்னும் வருகின்றன. ஆகவே நம்பிக்கை வழி பெறும் அடையாளம் தோற்றத்தைப் புறக்கணிக்கச் சொல்வதில்லை. தோற்றத்தின் மீது பிறர் செலுத்தும் ஆணையை அது மறுக்கிறது.

இதே அளவுகோல் திருச்சபையையும் அளக்கிறது. திருச்சபைகளுக்குள் இருக்கையிலும் நற்கருணைக் கிண்ணத்திலும் சாதி வேறுபாடு காட்டப்பட்டமை வரலாறு. ஆயர் தானியேல் வில்சன் 1833-இல் இவ்வேறுபாடுகளை அறவே கைவிடுமாறு சுற்றுமடல் விடுத்தபோது தஞ்சையிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பெத்லகேம் குறவஞ்சி பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே (1774-1864) குலவழக்கம் உலகியல் சார்ந்தது என வாதிட்டவர்களுள் ஒருவர். நோபிலியின் பழைய வாதம் இங்கு மீண்டும் ஒலிக்கிறது. உள்ளத்தில் ஒன்றே என்று கூறி, பந்தியில் வேறாக அமர்த்தும்போது, ‘அகம்’ என்னும் சொல்லே ஒரு மறைப்பாகிவிடுகிறது. கிருட்டிணபிள்ளையின் வாழ்க்கை வழக்கங்களையும் இக்கேள்வியிலிருந்து முற்றிலும் விலக்கிவிட முடியாது. புலால் மறுத்தல் ஒருவரது நோன்பாகவும் இருக்கலாம். குலத்தின் எல்லையாகவும் இருக்கலாம். அவர் காப்பியத்தின் அளவுகோல் அவரையும் விட்டுவைப்பதில்லை என்பதே அந்நூலுக்குப் பெருமை.

கருக்கு: அங்கியைக் களைதல்

நூறாண்டுக்குப் பின் இவ்வினா தமிழில் எவ்வாறு எழுந்தது என்பதைப் பாமாவின் கருக்கு (1992) காட்டுகிறது. தலித் கிறித்தவப் பெண்ணொருத்தியின் தன்வரலாறாகிய இந்நூல், துறவு மடத்தில் சேர்ந்து அதன் உடையை அணிந்து, பின்னர் வெளியேறியவரின் கதை. ஏழைகளுக்குப் பணிசெய்ய மடம் புகுந்தவர் அங்கு வசதியையும் சாதிப் பார்வையையும் காண்கிறார். புனிதத்தின் அடையாளமாக உலகம் மதிக்கும் உடை, தாம் யார் என்பதை மறைக்கும் முகமூடியாக அவருக்கு மாறுகிறது.

அவர் உடையைக் களைந்தமையை நம்பிக்கையைக் களைந்தமையாகக் கொள்ளுதல் பிழையாகும். சிறுவயதில் கற்பிக்கப்பட்ட, அடங்கி நடக்கச் சொல்லும் கடவுளுக்கு மாறாக, ஏழைகளின் பக்கம் நின்று அநீதியைக் கண்டித்த இயேசுவைத் தாமே விவிலியத்தில் கண்டடைந்ததாகப் பாமா எழுதுகிறார். நூலின் தலைப்பே இதற்குச் சான்று. பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கை, எபிரேயர் மடல் கூறும் இருபுறமும் கூர்மையான வாளாகிய இறைவார்த்தையோடு அவர் முன்னுரையில் இணைக்கிறார். விறகு பொறுக்கும்போது தோலைக் கீறிய கருக்கும் இறைவார்த்தையும் ஒன்றாகும் இடத்தில், இழிவுக்குரியதாகக் காட்டப்பட்ட வாழ்க்கை வலிமைக்குரியதாக மாறுகிறது.

நூலின் மொழியும் இதற்கு ஏற்ப அமைகிறது. செந்தமிழின் மதிப்பான கோலத்தை விடுத்துத் தம் மக்களின் பேச்சு வழக்கிலேயே பாமா எழுதினார். கிருட்டிணபிள்ளை கம்பனின் விருத்தத்தை எடுத்ததும் பாமா சேரியின் பேச்சை எடுத்ததும் எதிரெதிர்ச் செயல்களாகத் தோன்றலாம். இருவரும் தத்தமக்குப் பிறப்போடு வந்த மொழியிலேயே தம் நம்பிக்கையைக் கண்டனர் என்னும் வகையில் அவை ஒன்றேயாகும்.

முடிவுரை

தமிழ் இலக்கிய மரபில் வேடத்துக்கு எதிராக ஒழுக்கமும் ஞானமும் நிறுத்தப்பட்டன. தமிழ்க் கிறித்தவ இலக்கியம் அவ்விடத்தில் அருளால் பெறப்படும் உறவை நிறுத்தியது. இரட்சணிய யாத்திரிகத்தில் ஆடையும் நெற்றிக்குறியும் அவ்வுறவின் பின்விளைவாக வருகின்றன. ஏளனத்தின் அங்கியோ அவ்வுறவைத் தொடவும் இயலாததாகிறது. தோள்சீலைப் போராட்டமும் கருக்கும் இக்கருத்தின் சோதனைக் களங்கள். ஒன்றில் அடையாளம் ஆடையை வேண்டியது. மற்றதில் அது ஆடையைக் களைந்தது. இரண்டிலும் முடிவு செய்தது அணிந்தவரின் நம்பிக்கையே. பார்ப்போரின் கண் அன்று. குலவேறுபாட்டை உலகியல் எனக் கூறிக் காத்துக்கொண்ட இடங்களில் அந்நம்பிக்கை தன் சொந்த அளவுகோலுக்கு முன் தோற்றது.

இப்போது தொடக்கத்தில் குறித்த திறனாய்வு உருவகத்துக்குத் திரும்பலாம். கிருட்டிணபிள்ளை அயற்கருத்துக்குத் தமிழ் உடை உடுத்தினார் என்பது அவர் நூலே மறுக்கும் கூற்றாகும். விருத்தமும் தேவாரமும் பருவமும் அவர் கதைக்குத் தேடிப் போர்த்திய துணிகள் அல்ல. இறைவனை எண்ணுவதற்கு அவர் அறிந்திருந்த வழியே அவைதாம். திருமுழுக்குக்குப் பின்னும் அவர் தம் பெயரை வைத்துக்கொண்டதுபோல, தம் மொழியையும் வைத்துக்கொண்டார். அப்பெயரால் அழைக்கப்படுபவர் யாருடையவர் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார். ஆடைக்கும் உடலுக்கும் இடையே கோடு கிழிக்கும் திறனாய்வை விடுத்து, ஒரு படைப்பு தன் நம்பிக்கையை எந்த மொழியில் சிந்திக்கிறது என்று வினவும் திறனாய்வே இவ்விலக்கியங்களுக்குத் தேவை. அவ்வாறு வினவும்போது கிறித்தவத் தமிழ் என்பது தமிழுக்கு வெளியிலிருந்து வந்து தமிழ்க்கோலம் பூண்ட ஒன்றாக அன்றி, தமிழ் தன் உள்ளிருந்தே கண்ட மற்றொரு முகமாக விளங்கும்.